தம்பிகிட்ட சொல்லியாச்சு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். என் மனைவி மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "மூக்கு நுனியில இருந்தா ஒரு தும்மல்ல போயிருக்குமே. இவருக்கு அது நாக்கு நுனியில இல்ல இருக்கு" என்பாள். நான் வேலை செய்யும் மருத்துவமனையில் எனக்குப் 'பாய்லர்' என்று பட்டப்பெயர். பாய்லர் எதையும் நான் தொட்டதுகூட இல்லை, என் வேலை ஜெனரேட்டர். கரண்ட் போனால் அது உடனே ஓட வேண்டும், கரண்ட் வரும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம். ஆனால் இது என் கதை இல்லை, ஏணியக்காவின் கதை. நான் இதில் வருவது நான் செய்த ஒரு கேவலமான காரியத்தால்தான்.

ஏணியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவர் எங்கே போனாலும் தோளில் ஓர் அலுமினிய ஏணியும் கூடவே போகும். கட்டடத்தின் வெளிப்பக்கம் முழுவதும் அவர் பொறுப்பு. ஜன்னல் மேல் சன்ஷேட், மழைநீர்க் குழாய், ஏசிப் பெட்டிகள், விளக்குக் கூடுகள், ஒட்டடை, காக்கை எச்சம், எல்லாம். ஐம்பது வயது. ஏணி மேல் நின்றுகொண்டே வெற்றிலைப் பெட்டி மாதிரி ஒரு சின்னத் தகரப் பெட்டியை இடுப்பிலிருந்து எடுப்பார். அதில் வெற்றிலை இருக்காது, சுவர் சுரண்டும் தகடும் நாலு சாக்பீஸ் துண்டும் இருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன் அவர் இங்கே வந்தது வேலைக்கு இல்லை. அவருடைய கணவர் பெயிண்டர், மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வந்து சேர்ந்தார். நாற்பது நாள் படுக்கை. பக்கத்து ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்க அக்காவால் முடியவில்லை. இரண்டாம் நாளே வார்டைப் பெருக்கினார், ஐந்தாம் நாள் ஜன்னல் துடைத்தார், பத்தாம் நாள் பெரிய நர்ஸ் தானாகவே ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார். "அவரு டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு, நான் இன்னும் ஆகல" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். ஏணியும் கணவருடையதுதான். இனி ஏற முடியாது என்றானதும், "எனக்குத்தான் ஆகல, அதுக்கென்ன வந்துச்சு, நீ எடுத்துட்டுப் போ" என்று கொடுத்துவிட்டாராம். இப்போது வீட்டில் உட்கார்ந்து நாற்காலிகளுக்கு வயர் பின்னுகிறார்.

பதினோரு வருடமும் அக்கா தற்காலிகம். தினமும் காலையில் வாசலில் நின்று, காவலர் எழுதிக் கொடுக்கும் மஞ்சள் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நேற்றுச் சேர்ந்த பையன்கூடக் கழுத்தில் படம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு விசிலடித்தபடி உள்ளே போவான். அக்கா ஏணியோடு ஓரமாக நிற்பார்.

"அந்த அட்டை ஒண்ணு கழுத்துல தொங்கணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம். என் மூஞ்சி எனக்கே தெரியணும்ல, இங்க வேலை பாக்குற மூஞ்சின்னு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். இந்த வருடம் மூன்று பேரை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாரானது. முதல் பெயர் அக்காவுடையது. மாதம் பாதியில் அந்தப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இப்போது குளவிகளுக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் ஏசித் தண்ணீர் சொட்டாத சுவர் கிடையாது. சொட்டும் இடமெல்லாம் சேறு. சேறு இருந்தால் மண்குளவிக்கு வேறென்ன வேண்டும்? கடுகு உருண்டை அளவு மண்ணை வாயில் கவ்விக்கொண்டு வரும், வைக்கும், போகும், மறுபடி வரும். ஒரு நாளில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மண் அறை எழும்பிவிடும். அப்புறம் ஒரு புழுவைக் கொட்டி மயங்கவைத்துத் தூக்கிவந்து உள்ளே திணிக்கும். முட்டை வைக்கும். வாயை மண்ணால் பூசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

"இது தேன்கூடு மாதிரி கூட்டம் சேக்காது தம்பி" என்பார் அக்கா. "ராணியும் கிடையாது, படையும் கிடையாது. தனி ஆளு. வந்த வேலையைப் பாத்துட்டுப் போயிடும். நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

எனக்குத் தெரிந்த ஒரே குளவி ஞானத்தை நானும் எடுத்துவிட்டேன். "குளவி கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியா மாத்திடும்னு சொல்வாங்களேக்கா?"

"யாரு பாத்தாங்களாம்? புழு அதோட குட்டிக்குச் சாப்பாடு. கொட்டிக்கிட்டே இருந்தா ஆள் மாறிடும்னா, நீங்க திட்டுற திட்டுக்கு இந்த ஆஸ்பத்திரியே இந்நேரம் ஜெனரேட்டரா மாறிருக்கணும்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அக்காவுக்கு ஒரு முறை உண்டு. வாய் மூடியிருக்கும் கூட்டைத் தொட மாட்டார். பக்கத்தில் சாக்பீஸால் தேதி எழுதிவைப்பார். மூன்று, நாலு வாரத்தில் குட்டி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும், அதற்கப்புறம் வந்து தகட்டால் ஒரே சுரண்டு. "மூடியிருந்தா குடியிருக்கு. ஓட்டை விழுந்தா காலி வீடு. காலி வீட்டை இடிக்கிறதுல பாவம் இல்ல." இத்துடன் இன்னொரு பழக்கமும் இருந்தது. கூடு யாருடைய இடத்தில் இருக்கிறதோ அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, சொன்னதையும் சுவரிலேயே எழுதிவிடுவார். 'நர்ஸ்கிட்ட சொல்லியாச்சு.' 'சமையல்கட்டுல சொல்லியாச்சு.' ஒருமுறை எதையோ சொல்லவே இல்லை என்று யாரோ பழி போட்டதிலிருந்து வந்த பழக்கம். எங்கள் நிர்வாகி மேடத்துக்கு இந்தக் கிறுக்கல் அறவே பிடிக்காது. நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். அக்கா கேலியைக் காதில் வாங்குவார், கையை நிறுத்த மாட்டார்.

அந்த மாதம் நாலாம் தேதி, நான் வாராந்தரச் சோதனை ஓட்டம் போட்டிருந்தேன். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அறைக்குள் நின்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அக்கா கதவருகில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"உங்க டேங்க் மேல குழாய் ஒண்ணு நிக்குதே, அதுல..."

மிச்சத்தை இன்ஜின் விழுங்கிவிட்டது. எனக்குக் கேட்கவும் பொறுமை இல்லை. "பூச்சி புழுன்னா நர்ஸ்கிட்ட போய்ச் சொல்லுங்கக்கா. எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு."

"இல்ல தம்பி, இது உங்களோட..."

"போங்கக்கா!"

கையை ஓங்கி வீசினேன், ஈ ஓட்டுகிற மாதிரி. போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் நான் அதை மறந்தும்விட்டேன்.

ஆறாம் தேதி மதியம் கரண்ட் போனது. இன்ஜின் சமர்த்தாகக் கிளம்பியது. இருபதாவது நிமிடம் இருமியது, திணறியது, நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆபரேஷன் தியேட்டரில் பேட்டரி விளக்கு இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடிப்போய் டீசல் டேங்கின் மூடியைத் திறந்து அளவுகுச்சி விட்டுப் பார்த்தேன். முக்கால் டேங்க் டீசல் இருந்தது. மூடி திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம், அதை நான் சட்டை செய்யவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஒரு மணிநேரம் குதிரை மாதிரி ஓடியது.

பதினோராம் தேதி அதே கதை. பதிமூன்றாம் தேதி மறுபடியும். மூன்று தடவையும் நான் மூடியைத் திறந்து பார்த்ததும் எல்லாம் சரியானது. மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவரும் வந்தவுடன் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டார். அப்புறம் ஓட்டிப் பார்த்தார். குற்றம் குறை இல்லாமல் ஓடியது.

"உன் மெஷின் சரியான நோயாளிப்பா. டாக்டரைப் பாத்ததும் வலி போயிடுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபில்டரைக் கழற்றினார். அடியில் சிட்டிகை மண் இருந்தது. டேங்க் மூடியைச் சுற்றிப் பார்த்தார், அங்கேயும் மண் தூசி.

எனக்குப் பளிச்சென்று ஒரு பதில் கிடைத்தது. முந்தின வாரம்தான் அக்கா டேங்குக்கு மேலே இருக்கும் கூரை ஓரத்தில் காலிக்கூடுகளைச் சுரண்டியிருந்தார். மண் நேராக டேங்க் மேல் விழுந்திருக்கிறது, நான் மூடி திறக்கும்போது உள்ளே போயிருக்கிறது, இன்ஜின் அடைத்துக்கொள்கிறது. அட, இவ்வளவுதானா! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? சிட்டிகை மண்ணுக்கு இருபது நிமிடக் கணக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மூன்று தடவை நின்ற இன்ஜின் என் கழுத்துக்கு வந்திருந்தது. கழுத்தை எடுக்க ஒரு வழி கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன்.

அன்று சாயங்காலமே மேடம் அறையில் கூட்டம். மேடம், பெரிய நர்ஸ், மெக்கானிக், நான். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏணியை வெளியே சாத்திவிட்டு வந்து சுவரோரம் நின்றார்.

"மேடம், இவங்க சுரண்டுற மண்ணுதான் காரணம். குளவிக்கூட்டுக்குத் தேதி எழுதத் தெரியுது, கீழ டீசல் டேங்க் இருக்கிறது தெரியலையா? ஒரு துணி போட்டு மூடக்கூடாதா? ஆபரேஷன் நடுவுல ஏதாவது ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நான் துணி போட்டுத்தான்..." என்று ஆரம்பித்தார். "அப்ப அந்த மண்ணு பறந்து வந்துச்சா?" என்றேன்.

மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் மூன்று தடவை இன்ஜின் நின்றதற்கு அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். அக்காவை முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். என்னிடம், "நாளைக்கு இன்ஜினை ஒரு மணிநேரம் முழுசா ஓட்டிப் பாத்துட்டு, காரணம் நீங்கிருச்சுன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுங்க. மத்தியானம் பட்டியல் போகுது. அதுக்குள்ள இவங்க பேரை வைக்கிறதா எடுக்கிறதான்னு நான் முடிவு பண்ணணும்" என்றார். அக்கா அன்றைய மஞ்சள் சீட்டைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை. டேங்க் மேலே ஒரு பொட்டு மண் இல்லாமல் நானே துடைத்தேன். ஃபில்டர் புதிது. கரண்ட் இருந்தது, அதனால் இன்ஜின் நடுவில் நின்றாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இன்ஜினைப் போட்டேன்.

இருபதாவது நிமிடம் இருமியது. இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது.

வெளியே போய் டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்'. இந்தத் தடவை அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. காற்று உள்ளே போகிற சத்தம். டேங்குக்கு மூச்சு முட்டியிருக்கிறது! டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வேண்டும், அதற்கென்றே டேங்கின் தலையில் விரல் பருமனுக்கு ஒரு மூச்சுக்குழாய் நிற்கிறது. அது வழியாகக் காற்று வராவிட்டால் டீசல் இறங்காது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து மூடியைத் திறந்து, திருட்டை விசாரிக்கப் போய்த் திருடனுக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி, கோளாறை அனுப்பிவைத்திருக்கிறோம்.

ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயைப் பார்த்தேன். வாய் நிறைய மண். அழகாக, வழவழவென்று, பூசி மெழுகியிருந்தது. டேங்க் மேலும் ஃபில்டரிலும் கிடந்த மண் இதிலிருந்து உதிர்ந்ததுதான்.

குழாயின் வாயில் பித்தளை வலை மூடி ஒன்று இருக்க வேண்டும். இல்லை. எங்கே போயிற்று என்று ஒரு நொடி யோசித்தேன், உடனே ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார்கள். வலையில் பெயிண்ட் அடைத்துக்கொள்ளக் கூடாதென்று நானே அந்த மூடியைக் கழற்றினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அறைக்குள் போய் டப்பாவைத் திறந்தேன். திருகாணிகளுக்கு நடுவில் என்னைப் பார்த்துப் பளபளவென்று கிடந்தது.

திரும்பி வந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால், சாக்பீஸில், குண்டு குண்டான எழுத்தில்:

'தேதி 4. மூடிருச்சு. தம்பிகிட்ட சொல்லியாச்சு.'

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். அடுத்து வந்தது ஒரு திருட்டு யோசனை. ஒரு கம்பியால் மண்ணைக் குத்தி எடுத்துவிடலாம், மூடியை மாட்டிவிடலாம். இன்ஜின் இனி நிற்காது. அக்கா போன மறுநாளிலிருந்து நிற்கவில்லை என்றால், நான் சொன்னதுதான் சரி என்று ஊரே சொல்லும். சுவரில் இருப்பது சாக்பீஸ்தானே? ஓர் ஈரத்துணி போதும்.

துணியை நனைத்தும்விட்டேன். பிழிந்து கையில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றேன். தண்ணீர் முழங்கையில் வழிந்தது. 'தம்பிகிட்ட' என்று எழுதியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லர் என்று எழுதவில்லை, ஜெனரேட்டர்காரன் என்று எழுதவில்லை. கையை வீசித் துரத்திய பிறகும் தம்பி என்றுதான் எழுதியிருந்தார். துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீடு ஐந்து நிமிட தூரம்தான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குழம்பைக் கிளறுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"அதான் தெரியல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறேன்னு தெரியுது. ஆனா வேலை போயிட்டா?"

"அவங்க வேலை போறப்ப இந்தக் கேள்வி வரலையே" என்றாள். அடுப்பை அணைத்தாள். "நாலு பேர் முன்னால அவங்களை எந்த நாக்கால சொன்னீங்களோ, அதே நாலு பேர் முன்னால அதே நாக்கால சொல்லிட்டு வாங்க. அப்புறம் வந்து சாப்பிடுங்க. அதுவரைக்கும் இது ஆறாது."

சும்மா சொல்லக் கூடாது, என் கோபத்துக்கு ஏற்ற மனைவியைத்தான் கட்டியிருக்கிறேன்.

மேடம் அறைக்குப் போனபோது மேசை மேல் பட்டியல் இருந்தது. முதல் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பெரிய நர்ஸும் மெக்கானிக்கும் வரட்டும் என்று நானே கேட்டேன். அவர்கள் வந்ததும் பித்தளை மூடியை மேசையில் வைத்துச் சொன்னேன். கழற்றியது நான், மறந்தது நான், அக்கா வந்து சொன்னபோது துரத்தியது நான், பழி போட்டதும் நான். மெக்கானிக், "ஐயையோ, நானும் முதல்ல டேங்க் மூடியைத்தானே திறந்தேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மேடம் எழுந்து என்னோடு டேங்குக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரில் இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"இதை அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா மேடம்." கீழே கிடந்த ஈரத்துணியைக் காட்டினேன். "நனைச்சது நான்தான்."

அவர் அந்தத் துணியைப் பார்த்தார். "உங்க ஃபைல்ல ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும்" என்றார்.

"போகட்டும் மேடம்."

"பட்டியல் அப்படியே போகும். நீங்க போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. போன்ல கூப்பிடாதீங்க, நேர்ல போங்க."

இரண்டு அறை வீடு. வாசலில் ஏணி சாத்தியிருந்தது. அக்காவின் கணவர் ஒரு நாற்காலிச் சட்டத்தைக் காலில் இடுக்கிக்கொண்டு பச்சை வயர் பின்னிக்கொண்டிருந்தார். அக்கா ஸ்டூல் மேல் நின்று தன் வீட்டு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷி.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கடைசிவரை கேட்டார்.

"குழாய்ல இருக்கிற மண்ணை உடைச்சிட்டீங்களா?"

இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லக்கா. தொடல."

"நல்லது." ஸ்டூலிலிருந்து இறங்கினார். துணியை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "எனக்கு ரொம்ப வலிச்சுது தம்பி. என்னைப் பாத்துத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல, நீங்க தினமும் திட்டுறவர்தானே. மேடத்தைப் பாத்து என்னைச் சொன்னீங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன். ஏதோ அங்க இல்லாத ஆளைச் சொல்ற மாதிரி."

"தப்புதான்க்கா. பெரிய தப்பு."

"தப்புதான்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கணவர் வயரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நேத்திலிருந்து மூணு தடவை என்னையும் துடைச்சுட்டா தம்பி. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்தான் போய் ஏணியைத் தூக்கினேன். என்ன கனம் அது! பதினோரு வருடமாக அதை ஒரு துடைப்பம் மாதிரி அவர் தூக்கித் திரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூச்சுக்குழாயின் மேல்துண்டு மரை போட்டது. அக்கா சொன்னபடி மண்ணை உடைக்காமல் அதை முழுதாகக் கழற்றினோம். புதுத் துண்டு போட்டு, பித்தளை மூடியை மாட்டினேன். ஒரு மணிநேரம் ஓட்டினேன், இரண்டு மணிநேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. கழற்றிய துண்டை அக்கா என் ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து, பக்கத்தில் சாக்பீஸால் 4 என்று எழுதினார்.

"வெளிய வர்ற வரைக்கும் இது உங்க பொறுப்பு" என்றார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மண்ணில் ஒரு புள்ளி விழுந்தது. காலையில் பார்த்தேன், மிளகளவு ஓட்டை. மத்தியானத்துக்குள் ஒரு கறுப்புத் தலை எட்டிப்பார்த்தது. நான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பூச்சிக்காக ஓடினேன். மகப்பேறு வார்டுச் சுவரில் ஏணி மேல் நின்றிருந்த அக்காவை, "அக்கா, வருதுக்கா, வருது!" என்று கத்திக் கூப்பிட்டேன். வார்டிலிருந்து இரண்டு நர்ஸுகள் யாருக்கோ பிரசவம் என்று வெளியே ஓடிவந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது குழாயின் விளிம்பில் வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. சிறகு உலர்ந்ததும் பறந்து போய்விட்டது.

அட்டை அடுத்த மாதம் மூன்றாவது வாரம் வந்தது. படத்தில் அக்கா சிரிக்கவில்லை, போட்டோக்காரர் தலையை நிமிர்த்தச் சொன்னாராம், அதனால் ஏணி உச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் காலை பழக்கதோஷத்தில் வாசலில் ஓரமாகப் போய் நின்றுவிட்டார். காவலரும் பழக்கதோஷத்தில் மஞ்சள் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். பாதி எழுதியபிறகு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்து சிரித்திருக்கிறார்கள். அந்தப் பாதிச் சீட்டை அக்கா கேட்டு வாங்கித் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இப்போது மூச்சுக்குழாய் மூடியை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். பார்த்த தேதியைச் சாக்பீஸால் டேங்கிலேயே எழுதுகிறேன். மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். என் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன வாரம்கூட மெக்கானிக்கோடு சண்டை.

நேற்றுச் சோதனை ஓட்டம். இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதவருகில் நிழல் விழுந்தது. திரும்பினேன். தோளில் ஏணி, கழுத்தில் அட்டை.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்."

நான் சட்டென்று எழுந்துபோய் இன்ஜினை நிறுத்தினேன். பத்து நிமிடச் சோதனையில் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. அறை நிசப்தமானது. கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன்.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல" என்றார் அக்கா. "டீ குடிக்கப் போறேன். வரீங்களான்னு கேக்க வந்தேன்."